அப்பாவின் தவணையை நிறுத்தியது பெரியப்பா இல்லை

வாசகர் கேள்வி: ஐயா, எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தாத்தா விட்டுப்போன 3 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு பயிர் வைக்கிறார்கள். தாத்தா 2009-ல் இறந்தார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு 2019-லிருந்து வந்துகொண்டிருந்த பிஎம் கிசான் பணம் (மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடம் மூன்று தவணையாகக் கொடுக்கும் 6,000 ரூபாய்) 12-வது தவணையோடு நின்றுவிட்டது. வேளாண் ஆபீஸில் கேட்டால் விஏஓவைப் பார் என்கிறார்கள், விஏஓ வேளாண் ஆபீஸுக்கே போ என்கிறார். இ-சேவை கடைப் பையன் 'லேண்ட் சீடிங் நோ என்று வருகிறது, 1,500 கொடுங்கள், மாற்றித் தருகிறேன்' என்கிறான். தனியாக ஒரு கொல்லை வாங்கி வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு மட்டும் தவறாமல் பணம் வருகிறது. அவர்தான் ஏதோ எழுதிப்போட்டு நிறுத்திவிட்டார் என்று அப்பா நம்புகிறார், பேச்சுவார்த்தையே இல்லை. 2020-ல் ஊருக்கு வந்த ஒருவர் அம்மாவின் ஆதாரும் பாஸ்புக்கும் நகல் வாங்கிப் போனார், இரண்டு முறை 2,000 வந்தது, பிறகு வங்கியில் கணக்கை முடக்கினார்கள். அம்மா பெயரில் நிலமே கிடையாது. அதனால் அப்பாவுக்கு நின்றதா? நான் வருமான வரி கணக்கு தாக்கல் செய்வதாலா? அப்பா எனக்கு அரை ஏக்கர் எழுதி வைத்தால் எனக்கும் கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

முதலில் பெரியப்பா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். அவர் எழுதிப்போட்டு அப்பாவின் பணம் நிற்கவில்லை. அவருக்குத் தவறாமல் வருவதற்கும் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தனியாக வாங்கிய கொல்லை. அதற்கு அவர் பெயரில் தனிப்பட்டா இருக்கும், கணினியில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்கும், பணம் போகும். அப்பா பெயரைத் தேடினால் தாத்தா பெயர்தான் வருகிறது. கடைப் பையன் சொன்ன 'லேண்ட் சீடிங் நோ' என்பதற்கு இவ்வளவுதான் அர்த்தம்: பயனாளி என்று பதிவாகியிருக்கும் மனிதருக்கும் நில ஆவணத்தில் இருக்கும் பெயருக்கும் முடிச்சுப் போட முடியவில்லை.

அப்படியானால் 2019-ல் மட்டும் எப்படிக் கொடுத்தார்கள் என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. அந்தத் திட்டத்தை 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிவைத்தார்கள், ஆனால் 2018 டிசம்பர் 1 முதலே கணக்கு என்று அறிவித்ததால் முதல் தவணையை மார்ச் முடிவதற்குள் போட்டாக வேண்டும். நான் அப்போது வேறொரு மாவட்டத்தில் வட்டார வேளாண்மைப் பொறுப்பில் இருந்தேன். விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வரும், தாழ்வாரம் முழுக்க மஞ்சள் பையும் ஆதார் நகலுமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா அப்பன் பெயரில், பாட்டன் பெயரில், ஏன், பாட்டனுக்கு அப்பன் பெயரில் இருந்தால்கூட, 'இன்னாரின் வாரிசு, இவர் அனுபவத்தில் உள்ளது' என்று கிராம நிர்வாக அலுவலர் கையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார், நாங்கள் ஏற்றிக்கொண்டோம். தவறு என்று சொல்ல மாட்டேன், ஊரில் யார் எந்த நிலத்தில் உழுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் அப்படித்தான் உள்ளே வந்திருப்பார்.

அப்புறம் 2022 கடைசியில் அந்தக் கைச்சான்று போதாது, ஒவ்வொரு பயனாளியையும் கணினியில் உள்ள நில ஆவணத்தோடு இணைக்க வேண்டும் என்று கெடுபிடி வந்தது. 12-வது தவணை 2022 அக்டோபரில் வந்தது. 13-வது 2023 பிப்ரவரி 27 அன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அப்பா விழுந்திருக்கிறார். அவர் மட்டுமில்லை, நாடு முழுக்க 11-வது தவணையில் 10 கோடிக்கு மேல் இருந்த எண்ணிக்கை 13-வதில் 8 கோடி அளவுக்கு இறங்கியது. அதில் தகுதியில்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. உங்கள் அப்பாவைப் போல, நிலம் இருந்தும் காகிதம் பாட்டன் பெயரில் கிடந்ததால் விழுந்தவர்களும் நிறையப் பேர் உண்டு.

அடுத்தது, எந்த ஆபீஸுக்கும் போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிஎம் கிசான் தளத்தில் 'உங்கள் நிலையை அறிய' என்ற பகுதியில் அப்பாவின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள் (நம் மாநிலத்துக்கு அது டிஎன் என்று தொடங்கும், எண் தெரியாவிட்டால் கைபேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம்). அதில் மூன்று விஷயம் தனித்தனியாகக் காட்டும். லேண்ட் சீடிங் ஒன்று. இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, ஒன்று. ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்பது ஒன்று. மூன்றிலும் 'எஸ்' என்று இருந்தால்தான் பணம் வரும். கடைப் பையன் முதல் விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறான். மற்ற இரண்டும் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் நிலத்தை மட்டும் சரிசெய்தால், ஆறு மாதம் அலைந்து முடித்த பிறகு இன்னொரு கதவு பூட்டிக் கிடக்கும். பார்த்ததைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு.

இ-கேஒய்சி விழுந்திருந்தால் அது பெரிய வேலை இல்லை. ஆதாரில் இணைத்த கைபேசி அப்பாவிடம் இருந்தால் ஓடிபி போதும். இல்லையென்றால் பொது சேவை மையத்தில் கைரேகை. மண்வெட்டி பிடித்த கைக்கு ரேகை எங்கே இருக்கிறது? மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் ஒரு அம்மா எங்கள் ஆபீஸில் கட்டைவிரலைப் பதினோரு முறை வைத்தார், துணியில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி மறுபடியும் வைத்தார், ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி சிவப்பாக எரிந்தது, 'என் கை செத்துப்போச்சா சார்' என்று கேட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. 2023-லிருந்து பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் கைபேசியிலேயே அப்பாவுக்கு அதைச் செய்துவிடலாம். ஒன்று, செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்று பெயர் போட்டு வரும் கோப்பைத் தொட்டால் கணக்கில் இருக்கிற பணமும் போய்விடும், அப்பாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

வங்கி இணைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்புக்கில் ஆதார் எண் எழுதிக் கொடுத்ததாலேயே இணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசு பணம் போடும்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து, கடைசியாக எந்த வங்கியில் நேரடிப் பண உதவிக்கு என்று இணைத்தீர்களோ அங்கே போடுகிறது. ஒருவர் தனக்கு மூன்று தவணை வரவில்லை என்று சண்டைக்கு வந்தார், பார்த்தால் மகளிர் குழுக் கடனுக்காக மனைவியோடு போனபோது அவர் பெயரிலும் திறந்த வேறொரு வங்கிக் கணக்கில் 6,000 ரூபாய் அப்படியே உட்கார்ந்திருந்தது. மைஆதார் தளத்தில் அப்பாவின் ஆதாரைப் போட்டால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது நிலம். இங்கேதான் உண்மையான வேலை.

கடைப் பையனால் லேண்ட் சீடிங்கை மாற்ற முடியாது. 1,500 இல்லை, 15,000 கொடுத்தாலும் முடியாது. அது வேளாண்மைத் துறையின் உள்நுழைவில், வருவாய்த் துறை ஆவணத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது. அவனால் முடியும் என்றால் யாருடைய கடவுச்சொல்லையோ வைத்துக்கொண்டு செய்கிறான் என்று அர்த்தம், அந்த வழியில் போனவர்களுக்கு என்ன ஆனது என்று உங்கள் அம்மாவின் கணக்கே சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேளாண் ஆபீஸும் விஏஓவும் அப்பாவைப் பந்தாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா அலைந்தது அநியாயம்தான், யாராவது ஒருவர் அவரை உட்கார வைத்து 'ஐயா, பட்டா உங்கள் பெயரில் இல்லை, அதை மாற்றிவிட்டு வாருங்கள்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் இருவருமே பொய் சொல்லவில்லை. பட்டாவில் பெயர் இல்லாமல் வேளாண் ஆபீஸில் இணைக்க முடியாது. பட்டா மாறுதலுக்கு விண்ணப்பமே வராமல் வருவாய்த் துறையில் பெயரை மாற்ற முடியாது. விண்ணப்பத்தை யார் போட வேண்டும்? நீங்கள்தான் போட வேண்டும். பதினாறு வருடத்துக்கும் மேலாக யாரும் போடவில்லை.

தாத்தாவின் இறப்புச் சான்று இருக்கிறதா பாருங்கள். அதை வைத்து வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள். அதில் எத்தனை பேர் வருவார்கள் என்பதில் கவனம். நீங்கள் மூன்று ஆண்களைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அத்தை யாராவது உண்டா? இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு, கல்யாணமாகி எத்தனை வருடமானாலும், சீர் எவ்வளவு செய்திருந்தாலும். வடக்கு மாவட்டங்களில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். அத்தை பெயரை மறைத்து வாரிசுச் சான்று வாங்கிவிட்டு, பத்து வருடம் கழித்து அவருடைய பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போய் நிலம் முடங்கிக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தை தன் பங்கை வேண்டாம் என்று மனதார விட்டுக்கொடுத்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விட்டுக்கொடுக்க அவருக்கு விருப்பமில்லையென்றால் அவர் பங்கு அவருக்கு. பாட்டி இருக்கிறாரா என்றும் நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அவரும் வாரிசுதான்.

வாரிசுச் சான்று கையில் வந்ததும் பட்டா மாறுதல். இதில் இரண்டு வகை. உட்பிரிவு இல்லாமல் எல்லா வாரிசுகளின் பெயரையும் கூட்டுப்பட்டாவில் ஏற்றுவது ஒன்று. நில அளவையர் வந்து சங்கிலி பிடித்து, கல் நட்டு, உட்பிரிவு எண் கொடுத்துத் தனித்தனிப் பட்டாவாகப் பிரிப்பது இன்னொன்று. எடுத்த எடுப்பில் இரண்டாவதுக்குப் போகாதீர்கள். அதற்கு முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும், வரப்பு எங்கே, வழி யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை முறை என்று பேச்சு நீளும், பேச்சே இல்லாத வீட்டில் அது இப்போதைக்கு நடக்காது. முதலில் கூட்டுப்பட்டா. அதில் அப்பா பெயர் ஏறிவிட்டாலே அவரும் நில உடைமையாளர், பிஎம் கிசானுக்கு அது போதும். விண்ணப்பத்தை இணையத்தில் தமிழ்நிலம் தளத்தில் நீங்கள் திருப்பூரிலிருந்தே போடலாம், அல்லது ஊரில் இ-சேவை மையத்தில் போடலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். மனு எண்ணை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

வழக்கமாக மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். வருவாய்த் தீர்வாய அலுவலர் உட்கார்ந்து, கிராமக் கணக்குகளைப் பார்ப்பார், உங்கள் ஊர்க் கணக்கை எடுக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்று விஏஓ, வருவாய் ஆய்வாளர், நில அளவையர் எல்லோரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். பட்டா மனு கொடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. இணையத்தில் போட்ட மனு எண்ணையும் எழுதி அன்று நேரிலும் ஒன்று கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பட்டாவில் பெயர் வந்த பிறகு வேளாண் ஆபீஸுக்கு அப்பா வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரே பக்கத்தில் மனு எழுதிக் கொடுங்கள்: 'பதிவு எண் இது, ஆதாரின் கடைசி நான்கு எண் இது, 12-வது தவணை வரை பெற்றேன், நில இணைப்பு இல்லாததால் 13 முதல் நின்றது, என் தகப்பனார் 2009-ல் இறந்ததால் வாரிசு முறையில் எனக்கு வந்த நிலம் இது, புல எண், பட்டா எண், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இணைத்துள்ளேன், நில இணைப்பைச் செய்து நிலுவைத் தவணைகளையும் விடுவிக்க வேண்டுகிறேன்.' இதில் 2009 என்ற வருடத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1 என்று ஒரு வெட்டுத் தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும் விலக்கு. புதிய பட்டாவில் இப்போதைய தேதி விழுவதால் கணினி உங்கள் அப்பாவைப் புதிதாக நிலம் வாங்கியவர் என்று எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் இறப்புச் சான்றுதான் அதற்குப் பதில்.

நிலுவை கிடைக்குமா? தகுதியின்மையால் தள்ளப்படாமல், ஆவணக் குறையால் மட்டும் நின்றவர்களுக்கு, குறை தீர்ந்ததும் நின்ற தவணைகளும் சேர வேண்டும் என்பது திட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. கோவையில் 2025 நவம்பர் 19 அன்று விடுவித்த 21-வது தவணை வரை எண்ணினால் அப்பாவுக்கு ஒன்பது, 18,000 ரூபாய். அதனால்தான் மனுவில் நிலுவை என்ற சொல்லைக் கட்டாயம் எழுதச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவின் நகலோடு எழுந்து கேளுங்கள், வேளாண்மை இணை இயக்குநர் அங்கேயே இருப்பார். அதுவும் நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு 'என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது' என்று கேளுங்கள். 155261 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, ஆனால் நில இணைப்புக்கு அவர்கள் திரும்பவும் உங்கள் வட்டாரத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

இனி அம்மா.

2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதியலாம் என்ற வழியைச் சிலர் திருடர் வழியாக்கினார்கள். வட்டார அலுவலக உள்நுழைவும் கடவுச்சொல்லும் வெளியே போய், நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாக ஏற்றப்பட்டார்கள். ஆகஸ்டில் அது வெளிவந்தபோது உங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான் முதலில் செய்தியில் அடிபட்டது. தமிழ்நாட்டில் சுமார் 5.5 லட்சம் பேர், சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது, சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், பலர் கைதானார்கள். அப்போது பணத்தைத் திரும்ப வாங்க வீடு வீடாக அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு கூலித் தொழிலாளி அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து, நூறும் ஐம்பதுமாக எண்ணிக் கொடுத்தார். 'கொரோனா பணம்னு சொல்லித்தானே சார் கார்டு வாங்கினாங்க' என்றார். ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்தவரிடம் அரசு உதவி என்று சொன்னால் எதற்கு என்று அவர் கேட்கவா முடியும்? உங்கள் அம்மாவும் அப்படித்தான் கொடுத்திருப்பார். அவர் குற்றவாளி இல்லை, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

ஆனால் கணக்கை முடித்துவிட வேண்டும். வங்கியில் 2020, 2021 இரண்டு வருடத்துக்குமான கணக்கு அறிக்கை வாங்குங்கள். 4,000 ரூபாய் திரும்ப எடுக்கப்பட்டிருந்தால் அந்த வரியைக் கோடிட்டு வையுங்கள். எடுக்கவில்லையென்றால் நீங்களே திருப்பிச் செலுத்துங்கள், பிஎம் கிசான் தளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது, ரசீது முக்கியம். பிறகு அம்மாவின் பதிவை நீக்கக் கோரி அப்பாவின் மனுவோடு சேர்த்து ஒரு கடிதம் கொடுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். அண்மையில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கும் குடும்பங்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, நேரடி விசாரணை முடியும் வரை பணத்தை நிறுத்திவைக்கிறார்கள். அப்பாவுக்கு 2023-ல் நின்றதற்கு அம்மாவின் பதிவு காரணம் இல்லை, அப்படியிருந்தால் 2020-லேயே நின்றிருக்கும். ஆனால் நிலத்தைச் சரிசெய்து திரும்ப உள்ளே வரும்போது அது குறுக்கே நிற்கலாம்.

உங்கள் வருமான வரி பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் வயதுவந்த மகன், அப்பாவின் குடும்பக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். அப்பாவோ அம்மாவோ சென்ற ஆண்டு வரி கட்டியிருந்தால்தான் பிரச்சினை. அரசு ஊழியர்கள், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர்கள், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் ஆகியோரும் விலக்கப்பட்டவர்கள் (நான்காம் பிரிவு ஊழியர்களுக்கு மட்டும் தளர்வு உண்டு). நான் ஓய்வூதியக்காரன், என் பெயரில் நிலம் இருக்கிறது, எனக்குக் கிடையாது. அது சரியான விதி.

அரை ஏக்கரை உங்கள் பெயருக்கு எழுதுவது வேண்டாம். வெட்டுத் தேதி பற்றி மேலே சொன்னேன், தானமாகக் கொடுத்தாலும் கிரயமாகக் கொடுத்தாலும் அது 2019-க்குப் பிறகு கைமாறிய நிலம்தான். பத்திரச் செலவு வீணாகும், உங்களுக்குப் பணமும் வராது. அதோடு, பிரிக்காத நிலத்தில் ஒருவர் மட்டும் எழுதிக் கொடுப்பது சண்டைக்கு விதை போடுவது.

ஆறாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று அப்பா சலித்துக்கொண்டால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2019-ல் அறிவித்த தொகை இன்னும் அதேதான். ஒரு தவணை 2,000 ரூபாயில் ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350, ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு போனால், நானூறுக்குக் குறைவாகத்தான் மிஞ்சும், களை எடுக்க வரும் ஒரு ஆளின் கூலிக்குச் சரியாகப் போகும். இருந்தாலும் விதைக்கும் நேரத்தில் வட்டிக்குப் போகாமல் கையில் இருக்கும் 2,000-க்கு மதிப்பு வேறு. அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. பட்டாவில் பெயர் இல்லாததால் அப்பா இழந்துகொண்டிருப்பது இந்தப் பணத்தை மட்டும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் உங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500 என்று நிவாரணம் அறிவித்தார்களே, அப்பாவின் பயிருக்கு அது யார் பெயரில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம், எல்லாவற்றுக்கும் பட்டா விவரம் காட்டும் சிட்டாவைத்தான் கேட்பார்கள். இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள், அதற்கும் பட்டாவில் பெயர் வேண்டும். பட்டா மாறியதும் அந்த எண்ணை இலவசமாகவே வாங்கிவிடலாம், அப்பாவின் ஆதாரும் அதில் இணைத்த கைபேசியும் போதும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றும் ஆறவில்லை. குத்தகைக்கு உழுபவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான், அவர் சென்னையில் இருந்தாலும் சரி. ஒடிசா தன் காலியா திட்டத்தில் குத்தகையாளரையும் நிலமற்றவரையும் சேர்த்தது, இங்கே ஏன் முடியாது என்று கூட்டங்களில் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி யாராவது இருப்பார்கள். அவர்களிடம் பொய்யாகப் பதிந்துதருகிறேன் என்று யாராவது வந்தால் உங்கள் அம்மாவின் கதையைச் சொல்லுங்கள்.

திரும்பவும் பெரியப்பாவிடம் வருகிறேன். வாரிசுச் சான்றுக்கு அவருடைய ஆதார் வேண்டும், கூட்டுப்பட்டாவில் அவர் பெயரும் வேண்டும், விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வரும்போது 'ஆமாம், இவர் என் தம்பி, இந்தப் பக்கம் இவர் பயிர் வைக்கிறார்' என்று அவர் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்த வேலை ஒரு அடி நகராது. அவருக்கும் இதில் ஆதாயம் உண்டு, தாத்தா நிலத்தில் அவர் பங்கும் இன்றுவரை காகிதத்தில் இல்லை. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்கள் தனியாகப் போய்ப் பேசாதீர்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தளத்தில் எடுத்த படத்தை இருவருக்கும் காட்டி, அப்பாவின் பெயருக்கு நேரே 'லேண்ட் சீடிங் நோ' என்று இருப்பதைப் படித்துக் காட்டுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்று பெரும்பாலும் மூத்தவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும், அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அத்தைக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், ஜமாபந்திக்கு முன்னால் எல்லோருடைய ஆதார் நகலும் சேர வேண்டும்.